ராணியும் ரேணுவும்

செவ்வாய், 7 டிசம்பர் 1999

காலையிலேயே தூறல். ஸ்ரீவில்லிபுத்தூர் ஸ்டாண்டில் பஸ்ஸுக்கு ஓடியதில் செருப்பு வார் போயிற்று. ராஜபாளையம் கம்ப்யூட்டர் சென்டரில் புது வேலை. மில் தொழிலாளர்களுக்கு வீட்டுமனை தருகிறார்கள். விண்ணப்பத்தில் உள்ள பெயர்களைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். புரோகிராம் சென்னையில் எழுதியது. யூனிகோடாம், தமிழ் அப்படியே ஏறுமாம்.

ஏறவில்லை. 'முருகன்' என்று அடித்தால், 'பெயரில் எழுத்து அல்லாதது உள்ளது' என்கிறது. ஐந்து தடவை.

சென்னை இன்ஜினியருக்குப் போன். "க, ச, ட இதெல்லாம்தான் லெட்டர். கொம்பு, கால், புள்ளி எல்லாம் வெறும் மார்க். பெயரில் லெட்டர் மட்டும்தான் வரணும்னு ரூல் போட்டிருக்கோம்."

எந்தப் பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்தாரோ.

சென்டர் ஓனர்: "அதெல்லாம் விட்டுட்டு அடிம்மா. எம்புட்டு நேரம் போன் பேசுவ?"

கொம்பையும் புள்ளியையும் விட்டுவிட்டு அடித்தேன். முருகன், 'மரகன' ஆனார்.

வெள்ளி, 10

நோன்பு. தலைவலி. மத்தியானம் ஒரு அம்மா வந்தார். மா. ரேணு, மில்லில் நூல் சுற்றுபவர். மனைப் பட்டியலில் பெயர் இல்லையாம்.

"இருவது வருசமா அங்கதான் வேலை பாக்கேன். பேரு இல்லைங்காவ."

தேடினேன். மு. ராணி என்று ஒருவர் முதலில் ஏறியிருக்கிறார், 'ம. ரண' என்று. மா. ரேணுவும் 'ம. ரண'. ஒரே ஆள் இரண்டு தடவை என்று புரோகிராம் இவரைத் தள்ளிவிட்டது. அடித்தவள் நான்.

ஓனர் அவரிடம் சொல்கிறார், "கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாதும்மா." நான் அடுத்த விண்ணப்பத்தை எடுத்து அடிக்கப் போனேன். வீடு வரும்வரை அந்தக் கோபம், என் மேலும்தான்.

திங்கள், 13

ஓனர் மதுரை போய்விட்டார். ரூல் இருக்கும் ஃபைலைத் திறந்தேன். ஒரே ஒரு வரி. எழுத்து மட்டும் என்று இருந்ததை, எழுத்து அல்லது குறி என்று மாற்றினேன். 'முருகன்' ஏறிவிட்டார், புள்ளியோடு. இந்த ஒரு வரிக்காக ஒரு மனுஷியின் மனையே போக இருந்தது.

ஏற்கெனவே அடித்தது எல்லாம் குப்பை. விண்ணப்பங்களை எடுத்து முதலிலிருந்து. பாதி முடிந்தது. விரல் வலி.

புதன், 15

புதுப் பட்டியல் பிரிண்ட் ஆயிற்று. ஓனருக்குத் தெரிந்துவிட்டது.

"கம்பெனி புரோகிராம்ல கை வைக்க நீ யாரும்மா?"

"ஆளையே காணாம அடிக்கிற புரோகிராம் சார் அது. வேணும்னா என்னை வேலையை விட்டு நிறுத்திருங்க."

நிறுத்தவில்லை. பட்டியலை நானே மில்லுக்குக் கொண்டுபோனேன். ஷிப்ட் விட்டதும் கேட்டில் ஒட்டினார்கள். ரேணு அம்மா வரியில் விரல் வைத்து வாசித்தார். "ஏட்டி ராணி, எம் பேரும் வந்துட்டு" என்றார் பக்கத்தில் நின்றவரிடம்.

ஓனர் சாயங்காலம் வரை என்னிடம் பேசவில்லை. பேச வேண்டாம்.