சாயம் போன நூல்

தை மாதம், சனி இரவு.

என் ஆய்வே போயிற்று என்று இன்று காலையில் நினைத்தேன். கம்பு பூத்த சமயத்தில் பாதிக் கதிர்களுக்கு மணி பெருக்கும் ஹார்மோன் அடித்தேன். மீதிக்கு வெறும் தண்ணீர். அடையாளத்துக்கு ஹார்மோன் கதிரில் சிவப்பு நூல், தண்ணீர்க் கதிரில் மஞ்சள் நூல். கட்டியது அம்மா, அவள் வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனி லீவு நாளில். இன்று அறுக்கலாமென்று ஆமத்தூர் வயலுக்குப் போனால், வெயிலில் சாயம் போய் எல்லா நூலும் வெளுத்திருந்தது. வரப்பில் உட்கார்ந்து அழுதேன்.

அம்மா ஒரு காம்பைத் தடவிப் பார்த்தாள்.

"அழாத தாயி. நீ மருந்தடிச்சதுக்கெல்லாம் ரெட்டை முடிச்சுல்ல போட்ருக்கேன். கம்பெனியில வெடிமருந்து வெள்ளித்தூசி படிஞ்சா எல்லா நூலும் ஒரே நெறமாயிரும். முடிச்சத் தடவித்தான் எது எந்த வெடின்னு பிரிப்போம்."

மத்தியானத்துக்குள் இரண்டு குவியலாகப் பிரித்துக் கொடுத்துவிட்டாள். மணி பெருத்திருக்கிறதா என்பது திங்கட்கிழமை எடை போட்டால்தான் தெரியும். பயமாகத்தான் இருக்கிறது.

நூல் கட்டிய அன்று, "ஒரு முடிச்சு போதாதா, நேரமாகுதுல்ல" என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். அதை இன்று அவள் சொல்லிக்காட்டவே இல்லை. பக்கத்தில் தூங்குகிறாள், நகக்கண்ணில் வெள்ளித்தூசியோடு. எழுப்பி மன்னிப்புக் கேட்டால் திட்டுவாள். காலையில் காப்பி நான் போடுகிறேன்.