செல்வத்தின் கண்கட்டு

செவ்வாய், இரவு. ரோலா.

"அந்த வீட்டில் இருக்காதே, இன்றைக்கே ஊருக்குப் போய்விடு" என்று நான் மாலதியிடம் சொல்லவில்லை.

காலையில் அவள்தான் கணவன் செல்வத்தைக் கைப்பிடித்து எங்கள் கிளினிக்குக்குக் கூட்டிவந்தாள். எங்கள் மாடியில் மூன்று கதவு தள்ளி இருப்பவர்கள். அவனால் கண்ணைத் திறக்க முடியவில்லை. "சைட்ல வெல்டிங்கப் பாத்துட்டேன் சிஸ்டர்" என்றான். டாக்டர் மேலே எதுவும் கேட்கவில்லை. கட்டட வேலைக்காரர்கள் நிறைந்த இந்த அரபு ஊரில் வெல்டிங் பட்ட கண் தினமும் வருகிறது.

ஆனால் செல்வம் ஏதோ ஆபீஸில் டிரைவர். சட்டையில் பச்சிலை வாடை அடித்தது. அவன் கதவிடுக்கில் எந்நேரமும் ஊதா வெளிச்சம் கசியும். வீட்டுக்குள் கஞ்சா வளர்ப்பவர்கள் புற ஊதா விளக்கு போடுவார்கள், அதுவும் கண்ணை இப்படித்தான் சுடும் என்று எப்போதோ படித்திருக்கிறேன்.

மருந்து விட்டு இரண்டு கண்ணையும் கட்டினேன். மாலதி சிரித்தாள்.

"விசிட் விசால வந்து பத்து நாள் ஆகலக்கா, அதுக்குள்ள என் மூஞ்சியப் பாக்கப் பிடிக்கல இவருக்கு."

"உள் ரூம்ல என்ன வச்சிருக்கீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"மீன் தொட்டியாம்க்கா. பூட்டியே கெடக்கு. சாவி கேட்டா தரமாட்டார்."

"யல்லா, போலாம்" என்றான் செல்வம்.

நான் வாயைத் திறந்தால், உனக்கு எப்படித் தெரியும் என்று போலீஸில் கேட்பார்கள். என் விசாவும் இந்த வேலையும்...

டூட்டி முடிந்து வந்தபோது போலீஸ் இருவரையும் கூட்டிப்போய்க்கொண்டிருந்தது. அவன் கண்கட்டு அப்படியே இருந்தது. படி தெரியாத அவனை மாலதிதான் கைப்பிடித்து இறக்கினாள்.