ரேவதி ஒட்டிய காதுகள்

கார்த்திகை 2, செவ்வாய்

அடி கொழுக்கட்டை, மழை விடவில்லை. காலையிலிருந்து ஒரே பிசுபிசுப்பு. உன் காரியமெல்லாம் முடிந்து இன்றுதான் வேலைக்குப் போனேன். குடையில் ஒரு கம்பி உடைந்துவிட்டது. ரயில்வே கேட் மூடிக் கிடந்ததில் லேட் வேறு.

உன் இடத்தில் என்னை உட்கார வைத்துவிட்டார்கள். இத்தனை வருஷமும் நான் கப்பைத் துடைக்கிற பக்கம், நீ அதில் கைப்பிடிக் காது ஒட்டுகிற பக்கம். சூளையை விட்டு எழுந்து வந்து ராஜேந்திரன் அண்ணன் சொன்னார். "வேற யாரு ஒட்டுவாங்க மல்லிகா? பொண்ணு ஒட்டறத பக்கத்துல இருந்து பாத்தவ நீதான்."

ஸ்டூலின் ஒரு கால் குட்டை. நீ அட்டை மடித்துக் கொடுத்திருக்கிறாய். எனக்குத் தெரியவே தெரியாது.

சூளை பர்னர் ரிப்பேராகிக் கிடந்ததாம். தீபாவளிக்கு முன்னாடியிருந்து எரியவில்லை. நீ ஒட்டிவிட்டுப் போன கப்பெல்லாம் பலகையிலேயே இருந்து போன வாரம்தான் வெந்திருக்கிறது. இன்று சூளையைப் பிரித்தார்கள். பாதிக்கு மேல் காது ஓரம் வெடிப்பு. தலைமுடி மாதிரி ஒரு கோடு. தூக்கினால் காது மட்டும் கையோடு வருகிறது.

மத்தியானம் கூட்டம். இது புதுசு, நீ பார்த்ததில்லை. முதலாளியின் மருமகள் எங்கேயோ போய்ப் பயிற்சி எடுத்துவிட்டு வந்திருக்கிறார். செவ்வாயும் சனியும் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து, என்ன தப்பு நடந்தது என்று பேச வேண்டுமாம். ஒரு வெள்ளை போர்டு. எல்லாருக்கும் டீ, மசால் வடை.

"யாரையும் திட்டப் போறதில்ல. யாரு பண்ணாங்கன்னு கேக்கவே போறதில்ல. என்ன நடந்துச்சின்னு சொன்னா போதும். அப்பதான் எல்லாரும் சேந்து கத்துக்க முடியும்."

நல்ல பெண்தான். குரலில் அதட்டல் கிடையாது. ஆனால் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எப்படித் திறப்பார்கள்? போன வருஷம் சூளையில் இருந்த ஒருத்தர், நான்தான் சூட்டை அதிகம் வைத்துவிட்டேன் என்று தானாகவே போய்ச் சொன்னார். முதலாளி முதுகில் தட்டிக் கொடுத்தார். மாசக் கடைசியில் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்.

வடை ஆறிக்கொண்டே இருந்தது. கடைசியில், கப்பைக் காய வைக்கிற கலாதான் சொன்னாள்.

"அதெல்லாம் ரேவதி ஒட்டுனது மேடம்."

கலா. உன் சித்தி மகள், உன் கலா.

எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். மேடம் என்னைப் பார்த்தார். "அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். பிறகு போர்டில் எழுதினார். பிரச்சனை: காது வெடிப்பு. காரணம்: ஒட்டு சரியில்லை (ரேவதி).

என் வடையைத் தாளில் சுற்றி எடுத்து வந்தேன். யாருக்கு எடுத்து வந்தேன் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.


கார்த்திகை 4, வியாழன்

மழை. துணி காயவில்லை, வீடு முழுக்கக் கொடி.

வாங்க: துவரம் பருப்பு, கொசுவத்தி, குடைக்குக் கம்பி. ரேஷனில் பாமாயில் வந்ததா கேட்க.

உங்கப்பா பெண்ணாடத்தில் கரும்பு லோடு. ரெண்டு நாளில் வருகிறேன் என்று போன். வர மாட்டார். அவரால் இந்த வீட்டில் உட்கார முடியவில்லை. எனக்குப் போக வேறு இடம் இல்லை.

பொழுது சாய கலா வந்தாள். இடுப்பில் பிள்ளை, கையில் தூக்கு. கருவாட்டுக் குழம்பு.

"பெரிம்மா, என்னோட பேச மாட்டியா?"

"பேசாம எங்க போறது."

"திட்டேன். நாலு வார்த்த திட்டிடு. இப்பிடி உக்காந்திருக்காத."

"திங்கறதுக்குக் குடுத்துட்டுத் திட்டவும் சொல்ற."

சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். பிள்ளை அவள் மூக்கைப் பிடித்து இழுத்தது.

"வேற யாரு பேர சொல்லுவேன் பெரிம்மா? உன் பேரயா, என் பேரயா? அவள இனிமே யாரு வேலய வுட்டு நிறுத்துவாங்க? அவ இருந்திருந்தாலும், என் பேர சொல்லிட்டுப் போடி, வுடுன்னுதான் சொல்லியிருப்பா."

சொல்லியிருப்பாய்.

பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் காய்ச்சல் இறங்காமல் நீ கிடந்தாயே, அப்போது என்னோடு தரையில் படுத்தவள் இவள். நீ எடுத்த வாந்தியைத் துடைத்தவள். பால் குடிக்கிற பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு. இவளை நான் எந்த வாயால் திட்ட?

குழம்பில் உப்பு அதிகம். சாப்பிட்டேன்.


கார்த்திகை 6, சனி

தூறல். இடது கட்டைவிரலில் வெடிப்பு, களிமண் பட்டால் எரிகிறது. தேங்காய் எண்ணெய் தீர்ந்துவிட்டது.

கூட்டம். இன்றைக்கு மூன்று தப்பு. கப்பில் மெருகு கொப்புளம் கட்டியது: ரேவதி. மோல்டு விளிம்பு உடைந்தது: ரேவதி. ஸ்பஞ்சு வாளி காணோம்.

"அதயும் ரேவதிதான் தூக்கினு போயிருக்கும்" என்றார் ராஜேந்திரன் அண்ணன்.

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. நீ ஏதாவது சொன்னால் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு. எனக்கும் வந்துவிட்டது. அப்புறம் குழாயடியில் போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன்.

மேடத்துக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "எல்லாத்துக்குமா ஒரே காரணம்?" என்று கேட்டார். பேனா மூடியைத் திறந்து மூடினார். பிறகு எழுதினார்.

இன்னொன்று. நல்லது கெட்டது பொறுக்குகிற இடத்தில் வெடித்த கப்புக்கே உன் பேரை வைத்துவிட்டார்கள். "அந்த டிரேல ரெண்டு ரேவதி கெடக்குது, எடுத்து அந்தாண்ட போடு." பழகிவிட்டது. நான் இருப்பதை மறந்து சொல்கிறார்கள். என்னைப் பார்த்தால் நாக்கைக் கடித்துக்கொள்கிறார்கள். நாளைக்கு மறுபடி சொல்வார்கள்.


கார்த்திகை 10, புதன்

எழுத ஒன்றும் இல்லை. உன் நைட்டி ஒன்றைத் துவைக்காமல் வைத்திருக்கிறேன். பூரான் ஒன்று அடித்தேன்.


கார்த்திகை 16, செவ்வாய்

அடுத்த லோடு பிரித்தார்கள். நீ ஒட்டியது ஒன்றுகூட இதில் இல்லை. எல்லாம் நான் ஒட்டியது. உன் இடத்தில் உட்கார்ந்து, நீ செய்கிற மாதிரியே சீப்பால் கீறி, களிமண் கூழ் தடவி, அழுத்தித் துடைத்து வைத்தது.

அதுவும் வெடிப்பு. அதே இடம், அதே கோடு.

சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஊரான் கப் உடைந்து கிடக்கிறது, நான் மனசுக்குள் குதிக்கிறேன். உன் கை இல்லை. உன் கை இல்லவே இல்லை.

பிறகுதான் மற்றது நினைவுக்கு வந்தது. எதனால் என்று எனக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும். மழையில் கப் காயவில்லை. மெட்ராஸ் ஓட்டல் ஆர்டர் அவசரம். முதலாளி கலாவுக்குத் தினமும் போன் போட்டு, காஞ்சிச்சா, காஞ்சிச்சா என்கிறார். அவள் பலகையோடு தூக்கிப் போய்ப் பெரிய ஃபேனுக்கு நேராக அடுக்கிவிடுகிறாள். காது மெலிசு, சீக்கிரம் காய்ந்து சுருங்குகிறது. கப்பின் வயிறு இன்னும் ஈரம். இழுக்கிற இழுப்பில் விட்டுப் போகிறது. நீ ஒட்டியதையும் அப்படித்தான் அடுக்கியிருப்பாள்.

கூட்டத்தில் மேடம், "இது புது லோடுதானே?" என்றார்.

"பழசும் கலந்துதான் வெந்துதுங்க மேடம்." ராஜேந்திரன் அண்ணன். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

கலா தன் கால் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது.

நான் எழுந்துவிட்டேன். "மேடம்" என்றேன்.

"சொல்லுங்கம்மா. தைரியமா சொல்லுங்க."

எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார்கள்.

"டீ ஆறிடுச்சிங்க" என்றேன்.


கார்த்திகை 18, வியாழன்

நேற்று தீபம். தெரு முழுக்க விளக்கு. நம் வீட்டில் இந்த வருஷம் ஏற்றக் கூடாது. கதவைச் சாத்திக்கொண்டேன். மணிமுத்தாற்றில் தண்ணீர் போகிறது என்று பிள்ளைகள் பார்க்க ஓடின.

காலையில் குழாயடியில் கலாவைப் பிடித்தேன்.

"அந்த ஃபேன நிறுத்துடி."

"நிறுத்துனா எங்க காயும்? அந்தாளு போன் மேல போன் போட்டுக் கொல்றாரு பெரிம்மா."

"காதெல்லாம் வுட்டுப் போவுதேடி."

"தெரியுது. தெரியாமயா? நான் என்னா பண்ணட்டும் சொல்லு."

பின்னால் ராஜேந்திரன் அண்ணன் பல் குச்சியோடு நின்றார். எல்லாம் கேட்டுவிட்டார். "மோல்டு ரூமுல காத்துப் படாத மூலையா பாத்து அடுக்குங்க. ஈரச் சாக்கு போத்தி வுடுங்க. மொள்ள காயட்டும். அந்தாளு கேட்டா பர்னர் மக்கர் பண்ணுதுன்னு நான் சொல்லிக்கிறேன். எனக்கு என்னா, கட்டையில போற வயசு."

"ஒன்ன மொதல்ல அந்தச் சூளையிலயே வச்சிடுறம்ணே" என்றாள் கலா.

எல்லாப் பெண்களும் வந்து பலகையைத் தூக்கினார்கள். மேடம் வருவதற்குள் மாற்றி முடித்தாயிற்று. யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. போர்டு இல்லை, வடை இல்லை. உனக்குப் பிடித்திருக்கும்.


கார்த்திகை 27, சனி

லோடு பிரித்தார்கள். காது எல்லாம் நிற்கிறது. கலா ஒவ்வொன்றாக நகத்தால் சுண்டிப் பார்த்தாள். டிங் டிங் என்று சத்தம். ராஜேந்திரன் அண்ணன் ஒரு கப்பைக் காதைப் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார்.

கூட்டம். மேடத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தீங்களா? பழைய ஸ்டாக் முடிஞ்சிது, பிரச்சனையும் தீந்துது. இதத்தான் நான் சொன்னேன். தப்ப ஒத்துக்கிட்டு பேசினோம், கத்துக்கிட்டோம்."

எழுதினார். தீர்வு: புது ஆள், கவனமான ஒட்டு. எனக்குக் கை தட்டச் சொன்னார். தட்டினார்கள். கலாவும் தட்டினாள். லட்டு கொடுத்தார்கள். உன்னைத் தள்ளிவிட்டு எனக்குக் கொடுத்த லட்டு.

புதிதாக வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கு போர்டை அழிக்காமல் வைக்கப் போகிறார்களாம்.

எல்லாரும் போன பிறகு மேடத்திடம் போனேன். "மேடம், அந்தப் பேரு..."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "சாரிம்மா. எனக்கே தோணியிருக்கணும்." உள்ளங்கையாலேயே உன் பேரைத் துடைத்தார். அந்த இடத்தில் எழுதினார்: முன்பு ஒட்டியவரின் கவனக்குறைவு.

"அவ கவனமாத்தான் ஒட்டுவாங்க மேடம்."

"தெரியும்மா. நீங்க அம்மா." என் கையைப் பிடித்துக்கொண்டார்.

இதற்கு மேல் என்ன சொல்ல? இன்னும் ஒரு வார்த்தை சொன்னால் ஃபேன் வரும். ஃபேன் வந்தால் கலா வருவாள். மேடம் திட்ட மாட்டார். மாசக் கடைசியில் முதலாளி இருக்கிறார். கலா கதவோரம் வெறும் டிரேயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போகவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை.

லட்டை வாசலில் வைத்தேன். எறும்பு.


கார்த்திகை 29, திங்கள்

வெயில் எட்டிப் பார்த்தது. போர்வை உலர்த்தினேன்.

புதிதாக ஒரு பெண். சேத்தியாத்தோப்பிலிருந்து பஸ்ஸில் வருகிறது. பன்னிரண்டாவது முடித்திருக்கிறது. பேர் அபி. என் பக்கத்தில் உட்கார வைத்து, காது ஒட்டச் சொல்லிக் கொடுங்கள் என்றார் மேடம். கை ஜில்லென்று இருந்தது அதற்கு. பயம். பிடித்துக் காட்டினேன். கீறு. கூழ் வை. அழுத்து, ரொம்ப அழுத்தாதே. துடை.

சூளைப் பக்கமிருந்து ராஜேந்திரன் அண்ணன், "பாத்து ஒட்டு பாப்பா, ரேவதி வுழுந்துடப் போவுது" என்றார். சொன்ன பிறகுதான் என்னைப் பார்த்தார். குனிந்து எதையோ தேடுகிற மாதிரி போய்விட்டார்.

அந்தப் பெண் என் காதோரம் வந்து மெதுவாகக் கேட்டது.

"ரேவதின்னா என்னாங்க?"

யார் என்று கேட்கவில்லை. என்ன என்று கேட்டது.

உடைசல் குவியலிலிருந்து ஒரு கப்பை எடுத்தேன். காது ஓரத்துக் கோட்டை நகத்தால் காட்டினேன். "இதான்" என்றேன். நானே சொன்னேன்டி. என் வாயால்.

அது கோட்டைத் தடவிப் பார்த்தது. புத்திசாலிப் பெண். உடனே அடுத்தது கேட்டது.

"இது ஏங்க்கா இப்பிடி வருது?"

பலகை தூக்கிக்கொண்டு போன கலா அங்கேயே நின்றுவிட்டாள். கூழ் காயுது, அடுத்த கப்பை எடு என்றேன். எடுத்தது. நாளைக்கும் கேட்கும், கேட்கிற பிள்ளை அது. உன் கையைச் சொல்வதா, கலா கையைச் சொல்வதா, நீயே சொல்லேன்டி?