கிழிக்காத டிக்கெட்

11 ஜனவரி 2025, சனி

போலீஸ் படம். மூன்று மணிக் காட்சி. கடைசி வரிசையில் மின்விசிறிக்குக் கீழே இடம் கிடைத்தது.

கதாநாயகனின் தோளில் இரண்டு குண்டுகள் பாய்ந்தன. அடுத்த பாட்டில் அதே தோளில் கதாநாயகியைத் தூக்கிக்கொண்டு ஆடினார். கதாநாயகி வக்கீல். இடைவேளை வரை நீதிமன்றத்தில் மேசையை அடித்துப் பேசினார். அதன் பிறகு அவருக்கு ஒரு வழக்கும் வரவில்லை, ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுவது மட்டும்தான் வேலை. எனக்குப் பிடித்தது வில்லனின் டிரைவர். படம் முழுக்க ஒரு வசனமும் இல்லை. ஆனால் முதலாளி பொய் சொல்லும் ஒவ்வொரு முறையும் கண்ணாடியில் பார்க்கிறார்.

சாப்பிடும்போது அப்பா கேட்டார்: "மொத பாதியில என்னா நடந்துச்சி புள்ள? அந்த வக்கீல் புள்ளைக்கு அவன் மேல எதுக்கு அவ்வளவு கோவம்?"

மலையகத்துத் தோட்டத்தில் இருந்து மன்னாருக்கு வந்து இத்தனை வருடமாகியும் அப்பாவின் 'என்னா' மாறவில்லை. அவருக்கு எந்தப் படத்தின் முதல் பாதியும் தெரியாது. தியேட்டர் திறந்த நாளில் இருந்து வாசலில் நின்று டிக்கெட் கிழிக்கிறார், இருபத்து மூன்று வருடம். இங்கே ஆட்கள் இடைவேளை வரைக்கும் அவசரமில்லாமல் ஆறுதலாக வந்துகொண்டே இருப்பார்கள். அது முடிந்த பிறகுதான் அவர் உள்ளே வந்து, பின்சுவரோடு நின்று மிச்சத்தைப் பார்ப்பார்.

எனக்குச் சின்ன வயதில் மறுபக்கம். இடைவேளைக்கு அம்மா கருவாடு காயப்போடுகிற வாடியில் வேலை முடித்து வந்து என்னை வீட்டுக்குக் கூட்டிப்போய்விடுவார். அடுத்த நாள் காலையில் நான் முதல் பாதியைச் சொல்ல, அப்பா மறு பாதியைச் சொல்வார். யாழ்ப்பாணத்தில் கம்பஸில் இருந்த நாலு வருடமும் ஞாயிறு தோறும் போனில் மறு பாதி வந்துவிடும். முதல் பாதியை நானே ஊகித்துக்கொள்வேன்.

கொமர்ஸ் படித்த பெண்ணுக்குக் கதை கேட்கத் தெரிந்தது அப்படித்தான். நன்றி சொல்ல வேண்டும். சொன்னால் அப்பா வெட்கப்படுவார். நானும்.

18 ஜனவரி, சனி

தியேட்டருக்குப் புது மனேஜர், சிங்கராசா என்று பெயர். வாசலுக்கு மேலே கமரா பூட்டியிருக்கிறார். "இனிமே யாருக்கும் சும்மா இல்லையாம்" என்றார் அப்பா. மாரிமுத்துவின் மகள் என்று நான் இத்தனை வருடமும் டிக்கெட் இல்லாமல்தான் போய்வந்தேன். உழைக்கிறேன் தானே, இனி வாங்கலாம்.

25 ஜனவரி, சனி

எழுதத்தான் வேண்டும்.

கந்தோரில் இருந்து மூன்று பேர் படத்துக்குப் போனோம். தாராபுரத்து ஸரீனா, கீரிக் கிராமத்து றொட்னி, நான். வேலைக்குச் சேர்ந்து நாலு மாதத்தில் என்னையும் வாங்கோ என்று கூப்பிட்டவர்கள் அவர்கள் இரண்டு பேரும்தான். வரமாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அப்பா வாசலில் நிற்பார் என்று சொல்லவும் வாய் வரவில்லை.

வரிசையில் நிற்கும்போதே அப்பாவின் குரல் கேட்டது. "வரிசையா வாங்க, தள்ளாதீங்க, என்னா அவசரம்?" றொட்னி மெதுவாக அதை அப்படியே திருப்பிச் சொன்னான். "என்னா அவசரமுங்க! மனுசன் இன்னும் மலையில தேயிலைக் கொழுந்து பறிக்குதெண்டு நினைப்பு." ஸரீனா "சும்மா இருங்க றொட்னி" என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன்.

அப்பா றொட்னியின் டிக்கெட்டைக் கிழித்து ஒரு துண்டைப் பெட்டியில் போட்டு மற்றதைக் கொடுத்தார். ஸரீனாவுடையதும் அப்படியே. பிறகு நான். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவருடைய கை என் டிக்கெட் வரை வந்து நின்றது. கிழிக்கவில்லை.

"உள்ளுக்குப் போங்க மேடம்" என்றார்.

யார் சொல்லிக் கொடுத்தது அவருக்கு? நான் ஒன்றும் சொல்லவில்லையே. ஒன்பதாம் வகுப்பில் ஒரு தரம், பள்ளிக்கூட வாசல் வரைக்கும் வராதீங்க, மூலையில் இறக்கிவிடுங்க என்று சொன்னேன். அதை இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறாரா?

படம்: ஏழைப் பையன் பெரிய அதிகாரியாகிறான். ஒரே பாட்டுக்குள் பட்டம் பெற்றுவிட்டான், எனக்கு நாலு வருடம் எடுத்தது. கடைசியில் மேடையில் கூலிக்கார அப்பாவைக் காட்டி "இவர்தான் என் அப்பா" என்கிறான். தியேட்டரே விசில். ஸரீனா தலையில் போட்டிருந்த சோலால் கண்ணைத் துடைத்தாள். நானும் கைதட்டினேன். பின்சுவரோடு அப்பா நின்றிருப்பார். திரும்பிப் பார்க்கவில்லை.

கிழிக்காத டிக்கெட்டை இந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

26 ஜனவரி, ஞாயிறு

அப்பா வழமை போல மறு பாதியைச் சொன்னார். மேடைக் காட்சியை மட்டும் விட்டுவிட்டார்.

30 ஜனவரி, வியாழன்

அம்மா சொல்லித்தான் தெரியும். அப்பாவை வாசலில் இருந்து எடுத்து, வெளியே மோட்டார்சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் விட்டிருக்கிறார்கள்.

சனிக்கிழமை பெட்டியில் ஒரு துண்டு குறைவாம். மனேஜர் கமராவில் பார்த்திருக்கிறார். தலை குனிந்து நின்ற, முகம் தெரியாத ஒரு பிள்ளையின் டிக்கெட்டைக் கிழிக்காமல் உள்ளே விட்டது தெரிகிறதாம். கிழிக்காத டிக்கெட்டைத் திருப்பி வாங்கி இன்னொருவருக்கு விற்கிற களவு வேறு இடங்களில் நடக்கிறதாம். "அந்தப் பிள்ளை ஆர்?" என்று கேட்டதற்கு அப்பா, "தெரியாதுங்க, மறந்துட்டேன்" என்றிருக்கிறார்.

எனக்கு ஒரு டிக்கெட்டையும் கிழித்துப் பழக்கமில்லாத கை அது. அதற்காக? மகள் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும் — அதுதான் தாங்க முடியாமல் இருக்கிறது.

31 ஜனவரி, வெள்ளி

"நான் வந்து மனேஜரிட்ட சொல்றன்" என்றேன். "நீ ஆபீஸர் புள்ள. அந்த வாசல்ல வந்து ஒனக்கு என்னா கதை? சும்மா இரு" என்றார் அப்பா.

சும்மா இருந்தேன். அது எனக்கு நன்றாக வரும்.

8 பெப்ரவரி, சனி

பேய்ப்படம். தனியாகப் போனேன். அப்பா என்னைக் கண்டதும் ஒரு மோட்டார்சைக்கிளுக்கு அந்தப் பக்கம் குனிந்து எதையோ தேடினார். பக்கத்தில் இரண்டு கழுதைகள் நிழலில் நின்றன. அவருக்கு நிழல் இல்லை.

வாசலில் இப்போது ஏரம்பு அண்ணன், படம் ஓட்டுகிற ஒப்பரேட்டர் அறையில் உதவிக்கு நின்றவர். டிக்கெட்டைச் சரி பாதியாகக் கிழிக்கிறார், கதிரை இலக்கமும் சேர்ந்து கிழிகிறது. உள்ளே அதனால் இரண்டு சண்டை. அப்பா கிழித்தால் இலக்கம் எப்போதும் எங்கள் கையில் இருக்கும்.

பேய் பரவாயில்லை. கொலுசுச் சத்தம் கேட்கிற வரைக்கும் பயமாக இருந்தது, முகத்தைக் காட்டியதும் பயம் போய்விட்டது.

சாப்பிடும்போது அம்மா கேட்டார்: "என்னாய்யா, பேயி கடைசில செத்துச்சா?"

"தெரியல பேச்சி. வெளிய வெயில்தான் ஓடிச்சி" என்றார் அப்பா.

நான் முழுப் படத்தையும் பார்த்திருந்தேன். சொல்லியிருக்கலாம். மறு பாதி என்னுடையது இல்லை என்று தோன்றியது.

22 பெப்ரவரி

இந்தக் கிழமையும் அப்பாவிடம் கதை இல்லை.

8 மார்ச், சனி

கடல் படம். பன்னிரண்டு பேர் இருந்தோம். நோன்பு, ஸரீனா வரமாட்டாள். தவக்காலம், றொட்னி உயிர்த்த ஞாயிறு வரைக்கும் படமும் இறைச்சியும் சீனியும் விட்டிருக்கிறான். இந்த வருடம் இரண்டும் ஒன்றாக வந்ததில் தியேட்டர் சும்மா கிடக்கிறது.

படத்தில் கதாநாயகன் மீனவன். ஒரு தரம்கூட அவன் வலை நனையவில்லை. தலைமுடியும் கலையவில்லை. மன்னார்க் காற்றில் ஐந்து நிமிடம் நிற்கவிட வேண்டும். ஆனால் கரையில் காத்திருக்கிற மனைவி, கூடைகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிவிட்டு, உடனேயே திரும்பப் பிரித்து வைக்கிறாள். அந்த ஒரு காட்சிக்காக இன்னொரு தரம் பார்ப்பேன்.

ஆள் இல்லாததால் மாத முடிவில் ஒருவரை வேலையால் நிற்பாட்டப் போகிறார்களாம். யாரை என்று அம்மா கேட்கவில்லை. அப்பாவும் சொல்லவில்லை.

12 மார்ச், புதன்

நடந்த ஒழுங்கில் எழுதுகிறேன்.

கந்தோரில் பத்து மணித் தேத்தண்ணி. ஸரீனா நோன்பு என்பதால் குடிக்காமல் எங்களோடு இருந்தாள். றொட்னி சீனி இல்லாத தேத்தண்ணியை முகம் சுளித்துக் குடித்துக்கொண்டு சொன்னான்: "தெரியுமே, தியேட்டர் வாசலில நிண்ட அந்த 'என்னா' மனுசன், இப்ப பார்க்கிங்கில நிக்குது. ஏதோ டிக்கெட் களவாம்."

நான் எதையோ சொன்னேன்.

"என்ன தனு? கேக்கல்ல" என்றாள் ஸரீனா.

"அவர் என்ர அப்பா."

இந்த முறை பக்கத்து மேசைக்கும் கேட்டிருக்கும். அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. "களவில்லை. அந்த டிக்கெட் என்ர. எனக்கு அவர் ஒருநாளும் டிக்கெட் கிழிச்சதில்லை, அதான் அண்டைக்கும் கிழிக்கேல்ல. அது என்னட்டத்தான் இருக்கு."

ஸரீனா கதிரையை என் பக்கம் இழுத்தாள். "யா அல்லாஹ். அந்த மனுசன் உன்ன மேடம் எண்டு சொன்னாரேடி."

"ஓம்."

"அப்ப நீ?"

"நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டனான்."

றொட்னியின் காது சிவந்துபோய்விட்டது. கோப்பையைக் கீழே வைத்தான். "அண்டைக்கு நான் கதைச்சது... நீங்க ஏன் என்னை ஒண்டும் ஏசேல்ல?"

"நானும் சிரிச்சனான் தானே றொட்னி."

ஸரீனா, "டிக்கெட்டக் கையில வெச்சிட்டு இவ்வளவு நாளும் என்ன அடை காத்தியா? சனிக்கிழம போறம். நானும் வாறன். படத்துக்கில்ல, வாசலுக்கு" என்றாள்.

15 மார்ச், சனி

டிக்கெட்டை டயரிப் பக்கத்தோடு கிழித்து எடுத்துக்கொண்டு போனேன். ஸரீனா வெளியே நின்றாள். அப்பா எங்களைக் கண்டுவிட்டு வேகமாக வந்தார்.

"வேணாம் புள்ள."

"அப்பா, வழி விடுங்கோ." வீட்டில் நான் அப்படிக் கதைப்பதில்லை. அவர் விலகி நின்றார்.

சிங்கராசா கெட்ட மனிதர் இல்லை. கண்ணாடியைப் போட்டு டிக்கெட்டின் இலக்கத்தைக் கொப்பியோடு ஒப்பிட்டுப் பார்த்தார். டிக்கெட்டைச் சுற்றி நான் எழுதியிருந்ததையும் கொஞ்சம் வாசித்துவிட்டார் போல. எனக்கு நிலம் பிளந்தால் நல்லது என்றிருந்தது.

"இது அண்டையான் டிக்கெட்தான். விக்கவுமில்லை, ஒண்டுமில்லை" என்றார். பிறகு ஜன்னலால் அப்பாவைப் பார்த்தார். "ஏன் மாரிமுத்து, மகள் எண்டு சொல்லியிருக்கலாமே?"

அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். "அவங்க கூட ஆபீஸ் ஆளுங்க இருந்தாங்கய்யா."

திங்கட்கிழமையில் இருந்து வாசலில் நில்லுங்கோ என்றார் மனேஜர். "கிழிக்கிறதெண்டா எல்லாருக்கும் கிழிக்க வேணும், மகளுக்கும்."

"சரிங்க."

டிக்கெட்டை அவர் வைத்துக்கொண்டார். பக்கத்தைத் திருப்பித் தந்தார். நடுவில் வெள்ளையாக ஒரு சதுரம். அப்படியே திரும்ப ஒட்டி வைத்திருக்கிறேன்.

17 மார்ச், திங்கள்

அப்பா வாசலில். கடல் படத்தின் மறு பாதியை அம்மாவுக்குச் சொன்னார். கூடைக் காட்சி வந்ததும், "நீ வாடியில செய்றியே, அதே மாதிரி" என்றார். அம்மா, "நான் எப்ப அப்பிடிச் செஞ்சேன்?" என்று கேட்டுக்கொண்டே சோற்றுச் சட்டிக்குள் அரிசி அளக்கிற சுண்டைப் போட்டு, எடுத்து, திரும்பப் போட்டார்.

நன்றி. யாருக்கு என்று தெரியவில்லை. எல்லோருக்கும்.

1 ஏப்ரல்

மாதம் முடிந்தது, தியேட்டரில் ஒருவரையும் நிற்பாட்டவில்லை. ஸரீனா நோன்புப் பெருநாள் வட்டிலப்பம் கொண்டுவந்தாள், இரண்டு பெட்டி. ஒன்று "உங்கட வாப்பாக்கு."

21 ஏப்ரல், திங்கள்

தவக்காலம் முடிந்தது. வருகிற சனிக்கிழமை படத்துக்குப் போவோமா என்று றொட்னி கேட்டான். "உங்கட அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. வாசலுக்கில்லை, உள்ளுக்கு."

மனேஜரிடம் ஒரு நாள் லீவு கேட்டது நான். அப்பா கேட்கமாட்டார்.

26 ஏப்ரல், சனி

ஐந்து டிக்கெட். அப்பா, அம்மா, நான், ஸரீனா, றொட்னி. அப்பா வெள்ளைச் சேர்ட் போட்டிருந்தார். றொட்னி தன் டிக்கெட்டை நீட்டிக்கொண்டு, "ஐயா, நீங்க முன்னுக்குப் போங்கோ" என்றான். அவன் காது இன்றைக்கும் சிவந்திருந்தது.

வாசலில் ஏரம்பு அண்ணன். "என்ன மாரி, உனக்குமே கிழிக்க?"

"கிழி. ஆனா அங்க இல்ல, கீழ கிழி. நம்பர் போயிரும்."

படம்: கல்யாண வீட்டில் இரண்டு குடும்பத்துக்குச் சண்டை. பகிடி பரவாயில்லை. மாமியாராக நடித்தவர் சண்டைக்கு நடுவிலும் பலகாரத் தட்டை விடாமல் பிடித்திருந்தார், நல்ல நடிகை. கதாநாயகன் பத்து நிமிடம் தாமதமாக வந்திருந்தால் கதையே இல்லை.

அப்பா முதல் பாதி முழுக்க நிம்மதியாக இருக்கவில்லை. வாசல் திரை விலகி யாராவது பிந்தி வரும் ஒவ்வொரு தரமும் எழும்பப் பார்த்தார், அம்மா கையைப் பிடித்து இருத்தினார். பிறகு கொஞ்சம் நித்திரை. "மொத பாதி இவ்வளவு நீளமா?" என்று என்னிடம் கேட்டார்.

இடைவேளைக்குப் பிறகு விளக்கு அணைந்தது. அப்பாவின் கதிரை காலி. திரும்பிப் பார்த்தேன். பின்சுவரோடு, தன்னுடைய இடத்தில், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். முகம் முழுக்க வெளிச்சம்.

எழும்பிப் போனேன். ஸரீனாவின் காலைத் தாண்டி, றொட்னியின் காலைத் தாண்டி. பின்னால் இருந்த ஒருவர், "மறைக்குது தங்கச்சி, இருங்கோ" என்றார்.

"அப்பாட்டப் போறன்" என்று சொன்னேன்.

மறு பாதி நல்லாயிருந்தது. கால்தான் இன்னும் வலிக்கிறது.