சிவப்பு முடிச்சு போட்டது நான்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகளும் உடம்புக்கு ஒன்றும் வராமல், வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி இருக்க வேண்டும், எனக்கு அது போதும். இங்கே நான் இருக்கிறபடி இருக்கிறேன், முட்டி மட்டும் மாடிப்படியைப் பார்த்தாலே முரண்டு பிடிக்கிறது. போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ பேசுவாய், நான் உம் கொட்டுவேன், அதற்குள் உனக்கு வேலைக்கு நேரமாகிவிடும். இந்த விஷயத்தை யாரும் குறுக்கே பேசாமல் சொல்லி முடிக்க வேண்டும் எனக்கு. ஐந்தாம் வகுப்போடு நின்ற கையெழுத்து, கொஞ்சம் பொறுத்துப் படி.

போன ஞாயிற்றுக்கிழமை நீ உன் மகளிடம் பேசியதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அவளுக்கு இருபத்தெட்டு வயது, பத்தொன்பது பேருக்கு முதலாளியாக இருந்தவள், ஆனாலும் எனக்கு அவள் பொடிசுதான். அகலக்கால் வைத்துவிட்டாய், கம்பெனியைக் கவனம் இல்லாமல் வளர்த்தாய், பாவம் ஒரு பெரியவர் விழுந்ததுதான் மிச்சம், மெஷின்களை விற்றுவிட்டு எங்களிடம் வந்து சேர் என்றாய். அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. சரிப்பா, யோசிக்கிறேன்ப்பா என்று வைத்துவிட்டாள். வாய் இல்லாமல் அல்ல, அவள் வாய் உனக்குத் தெரியும். என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று அடக்கிக்கொண்டாள். அதனால் நானே எழுதுகிறேன்.

உன் அப்பா படுக்கையில் விழுந்த வருஷம் நீ லீவு கிடைக்காமல் தவித்தது எனக்குத் தெரியும், அதைக் குத்திக்காட்டவில்லை. அவரைத் தூக்கி உட்கார வைத்து உட்கார வைத்து என் முதுகு போய்விடும் போல இருந்தபோதுதான் பொடிசு கெட்டித் துணியில் நாலு மூலைக்கும் நாடா வைத்துத் தைத்து முதல் தொட்டிலைச் செய்தாள். ஆளை அதில் உட்கார வைத்து நாடாவைத் தூக்குகிற மெஷினில் மாட்டினால் பூப்போல எழும்பி நாற்காலிக்கு வந்துவிடுவார். அப்பாவை உட்கார வைப்பதற்கு முன்னால் அவள் என்ன செய்தாள் தெரியுமா, இருநூறு கிலோ மணல் மூட்டையை அதில் வைத்து அரை மணி நேரம் தொங்கவிட்டாள். தாத்தா எழுபது கிலோதானே என்றேன், தாத்தா அசைவார் பாட்டி, மணல் அசையாது என்றாள். அன்றிலிருந்து தொங்கவிடாத தொட்டில் வீட்டைவிட்டுப் போனதில்லை. தொங்கி முடிந்ததற்கு அடையாளமாக ஓரத்தில் சிவப்பு நூலில் ஒரு முடிச்சு, அது என் வேலை. பால்காரரிடமும் மருந்துக்கடைக்காரரிடமும் நான் அளந்தது கொஞ்சமா, என் முடிச்சு இல்லாமல் பொடிசு கம்பெனியிலிருந்து ஒரு தொட்டிலும் வெளியே போகாது என்று. கேட்டவர்கள் அலுத்துப்போய்த் தலையை ஆட்டினார்கள், எனக்கு அது கூடத் தெரியவில்லை.

முன் அறையில் இரண்டு தையல் மெஷினோடு மாசத்துக்கு இருபது தைத்தார்கள். அப்புறம் பல ஊரில் கிளை வைத்திருக்கிற ஒரு ஆஸ்பத்திரி கேட்டது, ஒருவர் முதல் போட்டார், பழைய கிடங்கு ஒன்றை வாடகைக்குப் பிடித்தோம், எட்டு மாசத்தில் ஒரு நாளைக்கு இருபது. ஆள் கூடியது, மெஷின் கூடியது, தொட்டிலை மணல் மூட்டையோடு மாட்டித் தொங்கவிடுகிற கொக்கி மட்டும் இரண்டோடு நின்றது, மூட்டையை ஏற்றி இறக்குவதோடு ஒன்றுக்கு ஒரு மணி நேரம் ஆகும். மூன்றாவது கொக்கி போட வேண்டும் என்று திங்கள்கிழமை தவறாமல் பேசுவார்கள், செவ்வாய்க்கிழமை லாரி வந்துவிடும். டிரைவர் ஹாரன் அடிப்பார், பெட்டி கட்டுகிற பெண் என்னைப் பார்த்து, பாட்டி கையில்தான் வண்டி நிற்கிறது, சீக்கிரம் ஆகட்டும் என்று சிரிப்பாள். கேலிதான், ஆனால் எனக்குச் சுருக்கென்று தைத்தது. கிழவியால் தாமதம் என்ற பேர் வரக் கூடாது என்று, தைத்து அடுக்கிய தொட்டில்களுக்குக் கொக்கிக்குப் போகும் முன்பே முடிச்சைப் போட்டு வைக்க ஆரம்பித்தேன். எப்படியும் தொங்கவிடத்தானே போகிறார்கள், முடிச்சு முன்னால் வந்தால் என்ன பின்னால் வந்தால் என்ன என்று நினைத்தேன். பெட்டி கட்டுகிற பெண் என்ன செய்வாள், முடிச்சு இருக்கிறதா, பெட்டிக்குள் போ. அவசர நாளில் அடுக்கிலிருந்து நேரே பெட்டிக்குப் போனது எத்தனையோ.

அதில் ஒன்றில் ஒரு நாடா தைக்கும்போது மெஷினில் அடிநூல் தீர்ந்துபோயிருக்கிறது. மேலே பார்த்தால் தையல் வரிசையாகத்தான் தெரியும், அடியில் பிடிப்பே கிடையாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் மணல் மூட்டை. மூட்டை தொங்க வேண்டிய இடத்தில் ஒரு ரிட்டயர் ஆன கண்டக்டர் தொங்கினார். கட்டிலுக்கும் நாற்காலிக்கும் நடுவில் விழுந்து இடுப்பெலும்பு விரிசல். உயிருக்கு ஒன்றும் இல்லை, ஆனால் கைத்தடி பிடித்தாவது நடந்துவிடுவேன் என்று இருந்த மனிதர், இனி நடப்பது சந்தேகம்தான்.

பொடிசு பார்க்கப் போனாள், நானும் கூடப் போனேன். திட்டுவார், வாங்கிக்கொள்ளலாம் என்று போனோம். அவர் திட்டவில்லை. படுத்தபடியே என்னை யாரென்று கேட்டார், பாட்டி என்றாள். மெதுவாகச் சொன்னார்: "எனக்கு உயரம்னாலே பயம்மா. நர்ஸம்மா சிவப்பு முடிச்சைக் காட்டினாங்க, சோதிச்சு அனுப்பினதுன்னு சொன்னாங்க. அதைப் பார்த்துட்டுத்தான் உட்கார்ந்தேன்." வெளியே வந்து ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். அங்கேயே எல்லாவற்றையும் பொடிசிடம் சொல்லிவிட்டேன்.

அவள் ஒன்றே ஒன்று கேட்டாள், எந்த வாரத்திலிருந்து என்று. யோசித்து யோசித்துப் பார்த்தேன், எனக்கு ஞாபகம் இல்லை. அந்தப் பதில்தான் அவள் தலையில் இடி. அதுவரைக்கும் அந்தக் கிழிந்த தொட்டிலோடு ஒரே நாளில் தைத்த இருபதைத் திருப்பி வாங்கினால் போதும் என்று இருந்தது, இப்போது கிடங்குக்கு வந்த பிறகு போன அறுநூற்று நாற்பதும் சந்தேகம். முதல் போட்டவர் வீட்டுக்கே வந்தார். இருபதோடு விடுங்கள், பாட்டி நூலைப் பற்றி உங்களை யார் கேட்டார்கள், ஊரெல்லாம் சொன்னால் கம்பெனி மிஞ்சாது என்று நல்லபடியாகத்தான் சொன்னார். நான் உள்ளே சமையலறையில் நின்று, அவர் சொல்வதை அவள் கேட்டுவிட மாட்டாளா என்று ஒரு நிமிஷம் ஆசைப்பட்டேன், மறைக்காமல் எழுதுகிறேன். பொடிசு அவருக்குக் காப்பி கொடுத்து வாசல்வரை போய் அனுப்பிவிட்டு வந்து, அறுநூற்று நாற்பதையும் திருப்பி அனுப்பச் சொல்லி எல்லாக் கிளைக்கும் கடிதம் போட்டாள். முடிச்சை நம்பாதீர்கள் என்று முதல் வரியிலேயே எழுதினாள். என் பெயரைப் போடவில்லை.

இரண்டு நாள் என்னை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கிடங்குக்குப் போனாள். திட்டியிருந்தால் தேவலை. மூன்றாம் நாள் காலையில் என் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொக்கிகளுக்கு நேர் கீழே போட்டாள், நூல் டப்பாவைச் சங்கிலியில் கட்டினாள், சங்கிலி அடுக்குவரை எட்டாது. தொங்கும்போது மட்டும்தான் இனி முடிச்சு. அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "தொங்கவிடாமலே முடிச்சு போட முடியற இடத்தில உங்களை உட்கார வச்சது நான்தான் பாட்டி." கவனம் இல்லாதவள் பேசுகிற பேச்சா இது, நீயே சொல்.

பத்தொன்பது பேரில் இப்போது எட்டுப் பேர் இருக்கிறார்கள். மெஷின்களுக்கு உறை போட்டாயிற்று, தைப்பது கிடையாது, திரும்பி வந்ததைத் தொங்கவிடுவதுதான் வேலை, கொக்கி நான்காகிவிட்டது. ஒரு நாள் வேண்டுமானால் நானே ஏறி உட்காருகிறேன் என்றேன், நீங்கள் நாற்பத்தொரு கிலோ, உங்களைத் தொங்கவிட்டால் சோதனை ஆகாது, வேடிக்கைதான் ஆகும் என்றாள், அன்றைக்குத்தான் எல்லோரும் கொஞ்சம் சிரித்தார்கள். இதுவரை ஐந்நூற்று எண்பத்தெட்டு வந்தது. அதில் மூன்று கிழிந்தது. கிழிகிற சத்தம் பெரிதாக இருக்காது, சட்டைப் பித்தான் தெறிக்கிற மாதிரிதான், அப்புறம் மூட்டை தரையில் விழுகிற சத்தம். ஒவ்வொன்றுக்கும் எல்லோரும் கையிலிருந்த வேலையை விட்டுவிட்டு நின்றுவிட்டோம். மூன்று மூட்டை மணல், மூன்று பேர் இல்லை. இன்னும் ஐம்பத்திரண்டு எங்கெங்கோ இருக்கிறது. பொடிசு காலையிலிருந்து கிளை கிளையாகப் போன் போட்டுத் தேடுகிறாள். அது முழுவதும் வந்து சேர்ந்த பிறகுதான் மறுபடி வாங்குவதா வேண்டாமா என்று ஆஸ்பத்திரி சொல்லுமாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டால் கம்பெனி இல்லை, அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அதனால் உன்னிடம் கேட்பது இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது மூடு என்றும் சொல்லாதே, மூடாதே என்றும் சொல்லாதே, அதை அவள் பார்த்துக்கொள்வாள். ஐம்பத்திரண்டில் எத்தனை வந்தது என்று மட்டும் கேள். அவள் சொல்கிற எண்ணிக்கையைக் கேட்டுக்கொண்டு, சரிம்மா என்று சொல். பேர் சொல்லித் திட்ட வேண்டும் என்று இருந்தால் போனை என்னிடம் கொடுக்கச் சொல்லித் திட்டு, என் காது இன்னும் நன்றாகத்தான் கேட்கிறது.

மருமகளுக்கு என் அன்பைச் சொல், குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போகச் சொல். நீங்கள் இரண்டு பேரும் குறைவில்லாமல், நிறைந்த ஆயுசோடு இருக்க வேண்டும் என்பதுதான் விடிந்ததிலிருந்து என் நினைப்பு. உன் இரத்த அழுத்த மாத்திரையை மறக்காதே. இந்தத் தாளின் ஓரத்தில் ஒரு சிவப்பு முடிச்சு தைத்திருக்கிறேன், பார். பொடிசிடம் கொடுத்து முழுக்கப் படிக்கச் சொன்னேன், அவளைப் புகழ்ந்த ஒரு வரியை அடிக்கச் சொன்னாள், அடிக்க மாட்டேன் என்றேன், சரி அனுப்புங்கள் என்றாள். அவள் சொன்ன பிறகுதான் ஊசியை எடுத்தேன்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா