நான்கு பதில்கள்

மார்ச் 3

விசா ஆலோசகரின் அலுவலகம். சுவர் முழுக்க விமானம் ஏறிப் போனவர்களின் சிரிப்புகள்.

"மேடம் நர்ஸ். அதுவே பாதி டிக்கெட், சார்."

மூன்று வழி சொன்னார். வயது, படிப்பு, வேலைக்கு மதிப்பெண் போட்டு எடுக்கும் வழியில் போனால் மூவருக்கும் சேர்த்து நிரந்தரமாகத் தங்கும் உரிமை. படிப்பு விசாவுக்கு இனி வயதில்லை. மூன்றாவது, அங்குள்ள மருத்துவமனை என் மனைவியை மட்டும் வேலைக்கு அழைத்துக்கொள்வது. "அது கடைசிக்கு வச்சுக்கலாம்."

விண்ணப்பம் இவள் பெயரில். நானும் எங்கள் ஐந்து வயது மகள் வாலுவும் 'சார்ந்திருப்பவர்கள்'. வீட்டிலிருந்து பாடநூல்களுக்குப் பிழை திருத்துகிறவனுக்கு வேறு என்ன பெயர்?

எழுந்திருக்கும்போது கேட்டார்: "குழந்தைக்கு உடம்பு எல்லாம் ஓகேதானே?"

"ஓகேதான்" என்றேன்.

இவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. வாலு காது கேட்பதற்கு மெஷின் போட்டிருப்பவள்.

மார்ச் 4

விதிகளைப் படித்தேன். மருத்துவப் பரிசோதனையில் ஒருவர் தேறாவிட்டால் மூவருக்கும் இல்லை. இந்தப் பிள்ளையால் தங்கள் நாட்டுக்கு எவ்வளவு செலவாகும் என்று கணக்குப் போடுவார்களாம்.

நாங்கள் கிளம்புவதே வாலுவுக்காக. இங்கே பள்ளியில் கையை விரித்துவிட்டார்கள் – இந்த வருடத்தோடு சரி, மற்ற பிள்ளைகளோடு வைத்துச் சமாளிக்க முடியாது. அங்கே அவளுக்கும் எல்லோரோடும் சேர்ந்து வகுப்பு உண்டு.

எதற்காகப் போகிறோமோ அதுவே வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறது.

மார்ச் 19

மச்சான் ஃபோன் பண்ணினார். "என்ன மாப்ள, தங்கச்சி சம்பாதிக்கப் போறா, நீங்க கூட லக்கேஜா?" சிரித்தேன். பிறகு குரல் இறங்கியது. "வாலுவ எங்ககிட்ட விட்டுட்டுப் போங்க. செட்டில் ஆனதும் கூட்டிக்கலாம்."

நல்ல மனிதர். நிஜமாகவே சொன்னார். அதனால்தான் சட்டென்று ஃபோனை வைத்துவிட்டேன்.

இவளிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டே, "வேணும்னா லக்கேஜ விட்டுட்டுப் போறேன்னு சொல்லு."

ஏப்ரல் 8

இவளோடு வேலை பார்க்கிற ஒருத்தி சொன்னாளாம்: விசா பரிசோதனையில் சின்னப் பிள்ளைகளுக்குக் காதைத் தனியாகச் சோதிப்பதில்லை, நாலு வார்த்தை பேசிப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

வாலு உதட்டசைவைப் படிப்பாள். நன்றாகவே படிப்பாள்.

மெஷினைக் கழற்றி வைத்துவிட்டுப் பழக்குகிறேன். உன் பேர் என்ன? எத்தனை வயசு? எந்தக் கலர் பிடிக்கும்? எந்த மிருகம் பிடிக்கும்? பதில்கள் வரிசையாக வருகின்றன. ஒவ்வொரு பதிலுக்கும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறேன்.

இவளுக்குப் பிடிக்கவில்லை. "ஊர்ல இருக்கிற வாயெல்லாம் உன் வாய் மாதிரியே இருக்குமா?"

"வேற வழி சொல்லு."

ராத்திரி அதே நாலு கேள்வியை இவளும் கேட்க ஆரம்பித்தாள்.

ஏப்ரல் 15

ஐந்து வயதில் அவளுக்கு நாங்கள் கற்றுக்கொடுக்கிற முதல் பாடம் – நீ நீயாக இருக்காதே.

ஏப்ரல் 21

எழுதவே கை வரவில்லை. ஆனாலும்.

இன்று மருத்துவப் பரிசோதனை. வாலுவின் காதில் மெஷின் இல்லை. டாக்டரம்மா வந்தார். முகத்தில் மாஸ்க்.

மாஸ்க்! எப்படித் தோன்றாமல் போனது? நாள் முழுக்க அதைப் போட்டுக்கொண்டு வேலை பார்ப்பவள் இவள். இவளுக்கும் தோன்றவில்லை. எங்கள் வீட்டில் யாரும் வாயை மூடிக்கொண்டு வாலுவிடம் பேசியதில்லை.

"நிமிர்ந்து நில்லும்மா" என்றார். வாலு தன் பெயரைச் சொன்னாள்.

"நாக்கை நீட்டு."

"அஞ்சு வயசு."

"எங்கயாவது வலிக்குதா?"

"மஞ்சள்."

டாக்டரம்மா அடுத்து எதுவும் கேட்கவில்லை. வாலு ஒரு கணம் காத்திருந்துவிட்டுத் தானாகவே "பூனை" என்றாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள். நாலும் சரி. கட்டைவிரலுக்காகக் காத்திருந்தாள்.

காட்டினேன்.

இவள்தான் எழுந்தாள். கைப்பையிலிருந்து மெஷினை எடுத்து, முடியை ஒதுக்கி, வாலுவின் காதில் மாட்டினாள். டாக்டரம்மா மாஸ்கைக் கீழே இறக்கினார். வாலுவிடம் மட்டும் பேசினார்: "பூனைக்குப் பேர் வச்சிருக்கியா?"

எங்களைத் திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 22

ஆலோசகர் கத்தினார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல சார்! மறைச்சீங்கன்னு அந்தம்மா ஒரு வரி எழுதினா போதும். இந்த வழி மட்டும் இல்ல, எல்லா வழியும் அடைஞ்சிடும். மேடமுக்கும் சேர்த்து."

எழுதியிருப்பாரா? அந்த ஒரு வரியை விதவிதமான சொற்களில் மனசுக்குள் எழுதிப் பார்க்கிறேன். எதிலும் பிழை இல்லை.

மே 10

மெயில் வரும் சத்தம் கேட்டால் குளியலறைக்குள் போய்விடுகிறேன்.

மே 28

வாலு பொம்மையை உட்கார வைத்து விளையாடுகிறாள். தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு கேள்வி கேட்கிறாள். பொம்மைக்குப் பதில் தெரியவில்லை. அடிக்கிறாள்.

ஜூன் 17

நிராகரித்துவிட்டார்கள்.

மறைத்ததற்காக இல்லை. அந்த வரியை டாக்டரம்மா எழுதவே இல்லை. குழந்தைக்குக் கேட்கும் திறன் குறைவு, மற்றபடி நல்ல ஆரோக்கியம், கெட்டிக்காரி – இவ்வளவுதான். காரணம் செலவு. நாங்கள் உண்மையைச் சொல்லியிருந்தாலும் இதேதான்.

இரண்டு மாதம் தப்பான கதவைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன்.

ஜூன் 30

கடைசி வழி. மருத்துவமனை இவளை மட்டும் அழைக்கும். சில வருடம் வேலை பார்த்தபின் எங்களுக்காக மறுபடி கேட்கலாம். கேட்கலாம் – அவ்வளவுதான் சொல்கிறார்கள்.

சாப்பிடும்போது இவள் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "நான் போகட்டுமா?"

போ என்றால் என்ன அர்த்தம்? போகாதே என்றால்?

"நீ என்ன நினைக்கிற?"

"நீ முதல்ல சொல்லேன்டா. எப்பவும் நானே..." எழுந்து போய்விட்டாள். வாலு எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு படித்தாளோ.

செப்டம்பர் 6

விமான நிலையத்தில் இவள் அழவில்லை. நான்தான். லக்கேஜ் அழுவதை இன்றுதான் பார்க்கிறேன் என்றாள்.

செப்டம்பர் 14

இவள் ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறாள். கேமராவுக்குப் பின்னால் நின்று, பேசிக்கொண்டே அறையைச் சுற்றிக் காட்டுகிறாள். இது ஜன்னல். இது அடுப்பு. இது என் கட்டில். வாலு வந்தால் சுவர்ப் பக்கம் படுத்துக்கலாம். குரலில் ஒரு உற்சாகம். எனக்காக வரவழைத்துக்கொண்டது.

வாலு மெஷினைப் போட்டுக்கொண்டு, ஃபோனை மூக்கருகே வைத்து இரண்டு தடவை பார்த்தாள். ஜன்னல், அடுப்பு, கட்டில். மறுபடி ஜன்னல்.

பிறகு ஃபோனை என் கையில் திணித்தாள்.

"அம்மா என்ன சொல்றான்னு தெரியல. வாயக் காட்டச் சொல்லு."