இந்த வெள்ளி நம் வீட்டு ஜெபம்

அன்புள்ள பிரின்சி அப்பாவுக்கு,

நாங்கள் நலம். நலத்துக்கும் மேலே என்றே எழுதலாம்.

இந்த வெள்ளி வீட்டு ஜெபம் நம் முறை. வீட்டுக்காரர்தான் ஆரம்பிக்க வேண்டும் என்பது சபை வழக்கம். நீங்களோ கடம்பத்தூரில் அண்ணன் வீட்டில். எளாவூர் செக்போஸ்டில் லாரி நெரிசலாம், பாஸ்டரும் வரவில்லை. டீத் தட்டோடு வந்த என்னையே எல்லோரும் பார்த்தார்கள். இத்தனை வருஷமும் உங்கள் குரலுக்குப் பின்னால் ஆமென் மட்டும் சொன்னவள் நான்.

"இயேசுவே, நீர்தான் என் உயிர்" என்றேன். அப்புறம் வார்த்தைகள் நிற்கவே இல்லை.

"இன்னா கண்ணு, எட்வர்டு இல்லாமலே ஊடு அதிருது?" என்றார் எதிர்வீட்டு முத்தம்மா அக்கா.

"அவரு யார்கிட்ட கேட்டுக்கினு இருந்தாரோ, அவருகிட்டதான் நானும் கேட்டேன்க்கா" என்றேன்.

கம்பெனி மெஷின் ஒரு கையை எடுத்துக்கொண்டதே, இனி எப்படிக் கை கூப்பி ஜெபிப்பேன் என்று போனில் அழுதீர்கள். இந்த வெள்ளி நானும் கை கூப்பவில்லை. இரண்டு கையிலும் டீத் தட்டு இருந்தது. அப்படியும் இயேசு வந்து என்னை நிரப்பினார்.

அடுத்த வெள்ளிக்குள் வந்துவிடுங்கள். ஜெபத்தை நான் ஆரம்பிக்கிறேன். நீங்கள் ஆமென் மட்டும் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி